ஓடியவன் கோழையா?

கேள்வி: ஊரெல்லாம் சிலாகிக்கிறார்களே என்று ஹெமிங்வேயின் ‘எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ்’ நாவலைப் படித்தேன். நாயகன் போர்க்களத்திலிருந்து ஓடிப்போய், காதலியோடு சுவிட்சர்லாந்தில் உல்லாசமாக இருக்கிறான். அவளோ தலையாட்டிப் பொம்மை. ஒரு கோழையின் காதலுக்கு இத்தனை கொண்டாட்டமா? (ஒரு வாசகர், மதுரை)

பதில்: எதிரிக்குப் பயந்தா ஓடினான்? அவனைச் சுடக் காத்திருந்தது அவன் சேர்ந்திருந்த இத்தாலியப் படையின் போலீஸ் அல்லவா!

கதை நடப்பது முதல் உலகப் போரில். 1917 அக்டோபர் 24 அன்று கபோரெட்டோ என்ற ஊரருகே இத்தாலியின் போர்முனை ஆஸ்திரிய-ஜெர்மன் தாக்குதலில் உடைந்தது. கொட்டும் மழையில் படை பின்வாங்குகிறது. தல்யமெந்தோ ஆற்றுப் பாலத்தருகே அதிகாரிகளை இழுத்து நிறுத்தி, நாலு கேள்வி கேட்டுச் சுட்டுத் தள்ளுகிறார்கள். நம் நாயகன் ஃப்ரெடரிக் ஹென்றி ஆம்புலன்ஸ் பிரிவில் லெப்டினன்ட், அமெரிக்கன். அவன் இத்தாலியம் பேசும் அந்நிய உச்சரிப்பே அவனை ஜெர்மன் உளவாளி ஆக்கப் போதும். தன் முறை வருமுன் ஆற்றில் குதிக்கிறான். நீங்களாக இருந்தால் வரிசையில் பொறுமையாக நின்றிருப்பீர்களோ?

இத்தாலியப் படையின் தலைமைத் தளபதி கதோர்னா அக்டோபர் 28 அறிக்கையிலேயே, சிப்பாய்கள் கோழைத்தனமாகப் பின்வாங்கினார்கள் என்று பழியை அவர்கள் தலையில் கட்டினார். அந்த உலகப் போர் முழுவதிலும் ராணுவ நீதிமன்றத் தீர்ப்பின்படி இத்தாலி சுட்டுக் கொன்ற சொந்த வீரர்கள் மட்டும் சுமார் 750 பேர்.

ஹென்றியைத் திட்டியே தீருவதென்றால் சரியான இடத்தை நான் காட்டுகிறேன். பாலத்துக்கு வருமுன் அவனுடைய வண்டி சேற்றில் சிக்குகிறது. சக்கரத்துக்கடியில் போடச் செடிகொடி வெட்டச் சொல்கிறான். கூட வந்த இரண்டு சார்ஜன்ட்கள் மறுத்து நடையைக் கட்டுகிறார்கள். துப்பாக்கியை எடுத்துச் சுடுகிறான், ஒருவன் விழுகிறான். அதே துப்பாக்கியை வாங்கி அவன் கதையை முடிக்கிறான் டிரைவர் போனெல்லோ. அந்த போனெல்லோவே பிறகு எதிரியிடம் சரணடையப் போய்விடுகிறான். சுட்ட ஹென்றியும் சீக்கிரமே படையை விட்டு ஓடியவன் ஆகிறான். கொலைக்காக அவன் வருந்தியதாக ஒரு வரி கிடையாது. ஆசிரியரும் விளக்கம் சொல்லவில்லை. (நம் தொடர்கதைக்காரர்கள் என்றால் இங்கே நாயகனை ஒரு வாரமாவது அழவைத்திருப்பார்கள்.)

முன்பு அவன் காயம்பட்டது பாலாடைக்கட்டி தின்றுகொண்டிருந்தபோது. அதற்கும் பதக்கம் வாங்கித் தர நண்பன் துடிக்கிறான்! வீரத்துக்கு அந்தப் படையில் அவ்வளவுதான் அளவுகோல்.

கபோரெட்டோவை ஹெமிங்வே நேரில் பார்த்தவரில்லை. இத்தாலிக்குப் போனதே 1918இல்தான். ஆனாலும் முசோலினி அரசுக்குச் சுருக்கென்றது. நாவலைத் தடை செய்தது. அதை இத்தாலியத்தில் மொழிபெயர்க்க முனைந்த ஃபெர்னாண்டா பிவானோ 1943இல் கைதானார்.

காதலி கேதரின் விஷயத்தில் நீங்கள் பாதி சரி. ‘உன் இஷ்டமே என் இஷ்டம்’ ரகப் பேச்சு எனக்கும் அலுப்புத்தான். ஆனால் முன்பு மணக்க இருந்தவனை பிரான்சில் நடந்த சொம் போரில் பறிகொடுத்தவள் அவள். ஹென்றி முதலில் காதலிப்பதாக நடிக்கிறான் என்பதை அவன் முகத்துக்கு நேரே போட்டு உடைப்பதும் அவளே. பொம்மைகள் அப்படிப் பேசுமா?

அப்புறம் அந்த உல்லாசம். கைதுக்குத் தப்பி, கர்ப்பிணியைப் படகில் ஏற்றி, இரவு முழுக்க மாஜோரே ஏரியில் துடுப்புப் போட்டு சுவிட்சர்லாந்து சேர்கிறார்கள். அங்கே லோசான் நகரில் குழந்தை இறந்தே பிறக்கிறது. ரத்தப்போக்கு நிற்காமல் அவளும் சாகிறாள். அந்தக் கடைசிப் பக்கத்தை 39 முறை திருத்தி எழுதியதாக ஹெமிங்வே ஒரு பேட்டியில் சொன்னார். நீங்கள் ஒரு முறையாவது படித்திருக்கலாம்.