கடுகளவு பூமி, தேங்காயளவு சூரியன்

கேள்வி: ஐந்தாம் வகுப்புப் பாடநூலில் எட்டுக் கோள்களும் அடுத்தடுத்து நெருக்கமாக வரையப்பட்டுள்ளன. உண்மையான தொலைவை என் மகளுக்கு எவ்வாறு விளக்குவது?
- வாசகி ஒருவர், திண்டுக்கல்

பதில்: அந்தப் படத்தைக் குறைகூற இயலாது, அளவும் தொலைவும் ஒருசேரச் சரியாக அமையும் படத்தை எந்தப் புத்தகத்தின் பக்கத்திலும் அச்சிட முடியாது. ஆகவே மகளை ஒரு நீண்ட சாலைக்கோ பெரிய மைதானத்திற்கோ அழைத்துச் செல்லுங்கள். சூரியனை ஆயிரம் கோடி மடங்கு சுருக்கினால் அதன் விட்டம் ஏறத்தாழ 14 சென்டிமீட்டர், அதாவது உரித்த பெரிய தேங்காய் ஒன்றின் அளவு. அதை ஓரிடத்தில் வைத்துவிட்டு 6 மீட்டர் நடந்தால் கசகசா அளவிலான புதன் வரும். 11 மீட்டரில் வெள்ளி. பூமியோ 15 மீட்டர் தள்ளி ஒரு சிறு கடுகாக இருக்கும். அந்தக் கடுகிலிருந்து நான்கு சென்டிமீட்டருக்குள் நிலவு வந்துவிடும் என்பதையும், மனிதர் இதுவரை சென்ற தொலைவு ஏறக்குறைய அவ்வளவுதான் என்பதையும் சொல்லுங்கள். என் அனுபவத்தில் குழந்தைகள் வாயடைத்து நிற்பது இந்த இடத்தில்தான். செவ்வாய் 23 மீட்டரில். அதன்பின் நெடுவெளி. கோலிக்குண்டு போன்ற வியாழனைக் காண 78 மீட்டரும், சனிக்கு 143 மீட்டரும் நடக்க வேண்டும். யுரேனஸைக் கடந்து, மிளகளவு நெப்டியூனை அடைய மொத்தம் 450 மீட்டர் ஆகும் என்பதால், தண்ணீர் பாட்டிலை மறவாதீர்கள். சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்சிமா சென்டாரியை இதே அளவில் வைக்க வேண்டுமானால், ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் செல்ல வேண்டும்.