ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: ஐ.டி. நிறுவனமொன்றின் டெஸ்ட்டிங் பிரிவில் ஒன்பது ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். புதிதாக வந்த மேனேஜர் தமக்கு வேண்டியவர்களையே கிளையண்ட் கூட்டங்களுக்கு அழைக்கிறார். நான் முடித்த வேலையை அவர்களில் ஒருவர் தம்முடையதாகக் காட்டிக்கொள்கிறார். அடுத்த மாதம் ப்ராஜெக்ட் முடிந்து பெஞ்சுக்கு, அதாவது அடுத்த ப்ராஜெக்ட் கிடைக்கும்வரை காத்திருக்கும் நிலைக்குப் போகிறேன். ஆட்குறைப்பு என்ற பேச்சும் அடிபடுகிறது. வேலையைக் காப்பாற்றிக்கொள்ள நானும் மேனேஜரிடம் அனுசரித்துப் போக வேண்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சோழிங்கநல்லூர்

பதில்: உங்கள் அச்சம் நியாயமானதே, சகோதரி. 2025 ஜூலையில் டிசிஎஸ் நிறுவனம் தன் ஊழியர்களில் 2 சதவீதத்தினரை, அதாவது 12,000 பேருக்கு மேல், குறைக்கப்போவதாக அறிவித்தபோது, பெரும்பாலும் இடைநிலை, மேல்நிலைப் பொறுப்பில் இருப்பவர்களே பாதிக்கப்படுவார்கள் என்றும் சொன்னது.

ஆனால், மேனேஜரிடம் குழைந்து பேசுவதால் பெரிய பயன் இராது. பட்டியல் தயாராகும்போது ஒருவர் பில்லிங்கில் (கிளையண்ட் பணம் கொடுக்கும் வேலையில்) இருக்கிறாரா, எத்தனை நாளாகப் பெஞ்சில் இருக்கிறார், பணி மதிப்பீட்டில் கடைசி ரேட்டிங் என்ன என்பவையே பெரும்பாலும் முன்னால் வந்து நிற்கும். ஆகவே ப்ராஜெக்ட் முடியும்வரை காத்திராமல், முன்பு உங்களோடு வேலை பார்த்து இப்போது வேறு அக்கவுண்ட்டுகளில் (வேறு கிளையண்ட்டுகளின் வேலைகளில்) இருப்பவர்களிடம், அங்கே இடம் உண்டா என்று இன்றே பேசுங்கள். வேலை முடிந்த அன்றே, நீங்கள் கண்டுபிடித்த பிழை எது, அது எப்படிச் சரியானது என்று நான்கு வரியில் டீம் முழுவதற்கும் மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்; அதில் யார்மீதும் குறை சொல்ல வேண்டாம்.

இதையெல்லாம் மீறி எச்.ஆர். அறைக்கு அழைத்து, "நீங்களே ராஜினாமா செய்துவிட்டால் அனுபவச் சான்றிதழில் சிக்கல் வராது" என்று சொன்னால், அங்கேயே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். இதைத்தான் நான் உங்களிடம் மிகவும் வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். ஓராண்டு பணி முடித்த தொழிலாளரை ஆட்குறைப்புச் செய்தால் ஒரு மாத முன்னறிவிப்பும், பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் ஊதியமும் தர வேண்டும் என்பது சட்டம். உங்கள் கணக்கில் அது 135 நாள் ஊதியம். தாமாக ராஜினாமா செய்தவருக்கு இது கிடையாது. இந்தச் சட்டப்படி நீங்கள் தொழிலாளரா என்பதைப் பதவிப் பெயர் மட்டும் தீர்மானிப்பதில்லை, அன்றாடம் செய்யும் வேலையே முக்கியம் என்பதால், தொழிலாளர் சட்ட வழக்கறிஞர் ஒருவரைக் கலந்து பேசுங்கள். ஐ.டி. ஊழியர்கள் சங்கம் அமைக்கலாம் என்று தமிழக அரசு 2016-லேயே தெளிவுபடுத்தியிருக்கிறது. ஐந்தாண்டு கடந்துவிட்டதால், கிராஜுவிட்டி எனும் பணிக்கொடை எப்படியும் உங்களுக்கு உண்டு.

அழைப்பு வந்த அன்றே லேப்டாப் முடக்கப்படலாம். சம்பளச் சீட்டு, பணி நியமனக் கடிதம், ரேட்டிங் கடிதங்கள் ஆகியவற்றை இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கிளையண்ட் கோப்பு எதையும் மட்டும் வெளியே எடுத்துவிடாதீர்கள். உங்களை நீக்க அதுவே காரணமாகிவிடும்.