எண்ணெய் தீரும் நாளைக் குறித்து வையுங்கள்

கேள்வி: காங்கேயம் பக்கத்தில் ஐந்து வருடமாக மரச்செக்கு எண்ணெய்க் கடை நடத்துகிறோம். கடலை, எள், தேங்காய் மூன்றும் ஆட்டுகிறோம். கடைக்கு நேரில் வருகிறவர்கள் போக, திருப்பூரிலிருந்தும் சிலர் போனில் சொல்லி வாங்குகிறார்கள். வெப்சைட் செய்து தர 35,000 ரூபாய் ஆகும் என்கிறார் ஒருவர். ஒரே நாளில் பத்தாயிரம் பேருக்கு வாட்ஸ்அப் மெசேஜ் அனுப்பித் தருகிறேன் என்கிறார் இன்னொருவர். இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் போடச் சொல்கிறாள் மகள். எங்களால் மாதம் 2,000 ரூபாய்க்கு மேல் செலவழிக்க முடியாது. எதிலிருந்து தொடங்குவது?

பதில்: வெப்சைட்டை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். பத்தாயிரம் மெசேஜை எப்போதைக்குமே விட்டுவிடுங்கள். மகள் சொல்வதில் விஷயம் இருக்கிறது, ஆனால் அது இரண்டாவது வேலை.

முதல் வேலை உங்கள் கடை நோட்டில் இருக்கிறது. நீங்கள் விற்பது தீர்ந்துபோகிற பொருள். நான்கு பேர் இருக்கிற வீட்டில் மாதம் இரண்டு லிட்டர் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். போன மாதம் 5-ஆம் தேதி வாங்கியவருக்கு இந்த மாதம் 3, 4 தேதிவாக்கில் டின் காலியாகிக்கொண்டிருக்கும். அன்றைக்கு அவருக்கு உங்கள் ஞாபகம் வந்தால் உங்களிடம் வருவார். வராவிட்டால் தெருமுனை மளிகைக் கடையில் ஒரு பாக்கெட் வாங்கிக்கொள்வார். உங்கள் எண்ணெய் பிடிக்காமல் போனதால் இல்லை, அடுப்பில் வாணலி காய்ந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். காங்கேயத்தைச் சுற்றி எண்ணெய்க்குப் பஞ்சமே இல்லை. அங்கே புது ஆளைப் பிடிப்பதைவிட, ஏற்கனவே ருசி கண்டவரைச் சரியான நாளில் கூப்பிடுவது பல மடங்கு சுலபம், செலவும் இல்லை. போனில் இருக்கிற கருவிகளை முதலில் இதற்குப் பயன்படுத்துங்கள்.

கடைக்கென்று தனி சிம் ஒன்றில் வாட்ஸ்அப் பிசினஸ் செயலியைப் போடுங்கள். 2018-லிருந்து இந்தியாவில் இருக்கிறது, இலவசம். உங்கள் சொந்த வாட்ஸ்அப்பும் இதுவும் ஒரே போனில் ஓடும். வாடிக்கையாளர் பெயருக்கு லேபிள் ஒட்டும் வசதி இதில் உண்டு. ‘முதல் வாரம்’, ‘இரண்டாம் வாரம்’ என்று நான்கு லேபிள் உருவாக்குங்கள். யாருக்கு எந்த வாரம் எண்ணெய் தீரும் என்று பழைய பில்லைப் பார்த்து ஒட்டுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளோடு உட்கார்ந்தால் முடிந்துவிடும். பிறகு அந்தந்த வாரம் அந்த லேபிளைத் திறந்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, கடையில் பேசுவது போலவே எழுதுங்கள்:

“அக்கா, போன மாசம் ரெண்டு லிட்டர் கடலெண்ணெய் வாங்கினீங்க. வர்ற வியாழக்கிழமை புதுசா ஆட்டறோம். எடுத்து வைக்கட்டுங்களா?”

இதில் பூப்படம், குட்மார்னிங், ‘அன்பார்ந்த வாடிக்கையாளரே’ எதுவும் வேண்டாம். அவர் வாங்கியது என்ன, எத்தனை லிட்டர் என்று சொல்கிறீர்கள். சரி என்று ஒரு வார்த்தை பதில் போட்டால் போதும் என்கிற மாதிரி கேட்கிறீர்கள். ஒருவர் “இப்ப வேண்டாங்க” என்றால் விட்டுவிடுங்கள், லேபிளை அடுத்த வாரத்துக்கு மாற்றுங்கள். இனிமேல் அனுப்பாதீர்கள் என்றால் அந்தப் பெயரை எடுத்துவிடுங்கள்.

தீபாவளி விடுமுறை, விலை மாற்றம் போல எல்லோருக்கும் பொதுவான செய்திக்கு ‘பிராட்காஸ்ட் லிஸ்ட்’ இருக்கிறது. ஒரு லிஸ்டில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். பலருக்கு இது தெரியாததால் “அனுப்பினேன், ஒருத்தரும் பதில் போடலை” என்று வருத்தப்படுகிறார்கள். பில் போடும்போதே “நம்பரைப் பதிஞ்சுக்குங்க” என்று சொல்லுங்கள், பாட்டில் ஸ்டிக்கரில் வாட்ஸ்அப் கியூஆர் கோடை அச்சடியுங்கள்.

அந்தப் பத்தாயிரம் மெசேஜ் ஆசாமியைப் பற்றி ஒரு வார்த்தை. அப்படி அனுப்புகிற மென்பொருட்கள் பெரும்பாலும் வாட்ஸ்அப் அனுமதிக்காதவை. முன்பின் தெரியாதவர்கள் பிளாக் செய்து புகாரும் தட்டினால் உங்கள் நம்பரே முடக்கப்படலாம். ஐந்து வருடமாகச் சேர்த்த வாடிக்கையாளர்களோடு பேசுவதெல்லாம் அந்த நம்பரில்தான் நடக்கும். அதைப் பணயம் வைக்காதீர்கள்.

அதே செயலியில் ‘கேட்டலாக்’ என்று ஒன்று உண்டு. அரை லிட்டர், ஒரு லிட்டர், ஐந்து லிட்டர் என்று தனித்தனியாகப் படத்தோடு விலையையும் போடுங்கள். விலையை மறைத்து ‘தனியாகக் கேளுங்கள்’ என்று எழுதுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத வழக்கம். கேட்கக் கூச்சப்பட்டே பாதிப் பேர் போய்விடுவார்கள். கடலை விலை ஏறி இறங்கும் அன்றைக்கே கேட்டலாக்கிலும் மாற்றுங்கள்.

அடுத்தது கூகுள் மேப். திருப்பூரில் ஒருவர் ‘மரச்செக்கு எண்ணெய்’ என்று தமிழிலோ ஆங்கில எழுத்திலோ தேடும்போது உங்கள் கடை தெரிய வேண்டும். இதற்கான ‘கூகுள் பிசினஸ் புரொஃபைல்’ முழுக்க இலவசம். கடை இருப்பதை உறுதிசெய்ய இப்போது பல இடங்களில் வீடியோ கேட்கிறார்கள். தெருவையும் பக்கத்துக் கடைகளையும் காட்டி, பெயர்ப்பலகையைக் காட்டி, பூட்டைத் திறந்து உள்ளே போய்ச் செக்கைக் காட்டினால் போதும். நடுவில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் எடுங்கள். “கூகுளிலிருந்து பேசுகிறோம், சரிபார்க்கப் பணம் கட்டுங்கள்” என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். கூகுள் இதற்குக் காசு வாங்குவதில்லை. பலகையில் உள்ள பெயரையே கொடுங்கள். ‘சுத்தமான நம்பர் ஒன் மரச்செக்கு எண்ணெய் திருப்பூர் காங்கேயம்’ என்று நீட்டினால் பக்கத்தையே நிறுத்திவைக்கக்கூடும். பொங்கலுக்கு மூடுகிற நாட்களை முன்கூட்டியே குறியுங்கள். கூகுளை நம்பி முப்பது கிலோமீட்டர் வந்தவர் பூட்டிய கதவைப் பார்த்தால் திரும்ப வரமாட்டார். திருப்தியாக வாங்கிப் போகிறவரிடம் ரிவியூ எழுதச் சொல்லிக் கேளுங்கள், ஆனால் அதற்குப் பதிலாகத் தள்ளுபடியோ பரிசோ தரக்கூடாது, அது கூகுள் விதிக்கு விரோதம். குறை சொல்லி எழுதினால் சண்டை போடாமல் அதே நாளில் பதில் எழுதுங்கள். புதிதாக வருகிறவர் முதலில் படிப்பது அந்தப் பதிலைத்தான்.

இனி மகளின் ரீல்ஸ். உங்களிடம் இருக்கிற காட்சி ஜவுளிக்கடைக்காரருக்குக்கூடக் கிடைக்காது. எள் ஆட்டும்போது கருப்பட்டியைப் போடுகிறீர்கள் அல்லவா? அதுவரை பிசுபிசுவென்று சுற்றிக்கொண்டிருந்த எள்ளு, கொஞ்ச நேரத்தில் எண்ணெயாகப் பிரிந்து பளபளவென்று மேலே வரும். போனை ஒரு ஸ்டாண்டில் பொருத்தி, அதை மட்டும் கிட்டத்தில் அரை நிமிடம் எடுங்கள். பாட்டுச் சேர்க்க வேண்டாம், உலக்கை உரசுகிற சத்தமே போதும். வெயிலில் எண்ணெய் வைத்துத் தெளிய விடுவதையும் ஒரு நாள் எடுங்கள்.

அப்புறம் வாடிக்கையாளர்கள் வழக்கமாகக் கேட்கிற சந்தேகங்களை ஒவ்வொன்றாக வீடியோவாக்குங்கள். அடியில் கசடு ஏன் தங்குகிறது? மார்கழியில் தேங்காய் எண்ணெய் ஏன் உறைகிறது? (சுமார் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைவது அதன் இயல்பு, கலப்படம் இல்லை.) எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி, விலை ஏன் இவ்வளவு? ஒரு லிட்டர் கடலெண்ணெய்க்குச் சுமார் இரண்டரைக் கிலோ பருப்பு போகிறது. தராசில் அந்தப் பருப்பைக் கொட்டி, அன்றைய விலையால் பெருக்கிக் காட்டுங்கள். ஆட்டுகிற கூலியைச் சேர்த்து, புண்ணாக்கில் திரும்பி வருவதைக் கழித்துக் கணக்கைத் திறந்து சொல்லுங்கள். இதைப் பார்த்தவர் அதற்குமேல் பேரம் பேச மாட்டார். ஒரு எச்சரிக்கை: சர்க்கரை குறையும், இதய நோய் வராது என்றெல்லாம் சொல்லாதீர்கள். உணவுப் பொருளுக்கு அப்படி விளம்பரம் செய்வது சட்டப்படி தப்பு. பாட்டில் படத்தைப் போடும்போது லேபிளில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண்ணும் தயாரித்த தேதியும் தெரியட்டும். தெரிந்தவர்கள் அதைத் தேடிப் பார்க்கிறார்கள்.

உங்கள் 2,000 ரூபாயை ஒவ்வொரு மாதமும் செலவழிக்க வேண்டியதில்லை. தீபாவளிக்குப் பலகாரம் சுடத் தொடங்கும் முன்பு, நன்றாகப் போன ஒரு ரீலை எடுத்து, திருப்பூருக்கு மட்டும், அமுக்கினால் நேராக உங்கள் வாட்ஸ்அப் திறக்கிற விளம்பரமாக 1,000 ரூபாய்க்கு ஓட்டுங்கள். 18 சதவீத ஜிஎஸ்டி தனி. லைக் எத்தனை என்று பார்க்காதீர்கள். எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை லிட்டர் போனது, அவர்களில் எத்தனை பேர் மறுமாதமும் வாங்கினார்கள் என்று நோட்டில் எழுதுங்கள். மறுமாதக் கணக்கு நன்றாக இருந்தால் மட்டும் அடுத்த ஆயிரம்.

போனில் ஆர்டர் கூடும்போது ஏமாற்றுக்காரர்களும் வருவார்கள். ராணுவ முகாமிலிருந்து பேசுகிறேன், ஐம்பது லிட்டர் வேண்டும், பணம் அனுப்ப இந்தக் கியூஆரை ஸ்கேன் செய்யுங்கள் என்பது பழைய தந்திரம். ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போட்டால் பணம் உங்கள் கணக்கிலிருந்துதான் போகும். பணம் வாங்குவதற்கு யூபிஐ பின் நம்பர் ஒருபோதும் தேவையில்லை. ‘பணம் போட்டாச்சு’ என்று வருகிற ஸ்கிரீன்ஷாட்டையும் நம்பாதீர்கள். உங்கள் கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகே பாட்டிலைக் கட்டுங்கள்.

வெப்சைட் எப்போது என்றால், சென்னை, பெங்களூர் என்று வெளியூர் ஆர்டர்கள் வந்து, முகவரி வாங்கி எழுதுவதிலேயே மதியம் போய்விடுகிறது என்ற நிலை வரும்போது. அதற்கு முன்பு பார்சல் ஒழுகாமல் போய்ச் சேர்கிறதா என்று தெரிந்தவர்கள் நான்கைந்து பேருக்கு அனுப்பிப் பாருங்கள், எண்ணெயில் அதுதான் பெரிய தலைவலி. கூகுளோடு சேர்த்து இலவச வெப்சைட்டும் தருகிறேன் என்று யாராவது சொன்னால், அந்த வசதியைக் கூகுள் 2024 மார்ச்சிலேயே நிறுத்திவிட்டது. யாரிடம் வேலை கொடுத்தாலும் வெப்சைட் முகவரி, கூகுள் பக்கம், இன்ஸ்டாகிராம் மூன்றும் உங்கள் ஈமெயில், உங்கள் போன் நம்பரில்தான் பதிவாக வேண்டும். வேலை செய்கிறவரின் ஈமெயிலில் போட்டுக் கொடுத்துவிட்டு, அவர் போனை எடுக்காமல் போன பிறகு என்னிடம் வருகிறவர்கள் நிறையப் பேர். முன்பணம் தரும்முன் இதை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.