கல் உதிர்கிறது, காரை நிற்கிறது

இங்கிலாந்தின் பழைய கிராமப் பங்கு ஆலயங்களைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கே: ஒரே ஆலயத்தில் வாசல் அரைவட்ட வளைவு, ஜன்னல்கள் கூர்வளைவு. எந்த நூற்றாண்டுக் கட்டடம் என்று சொல்வது?

ப: ஒரே மூச்சில் கட்டி முடித்த கிராம ஆலயம் அபூர்வம். வாசலுக்கு ஒரு காலம், ஜன்னலுக்கு ஒரு காலம் என்று தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும். அரைவட்ட வளைவின் விளிம்பில் நெளிக்கோடு செதுக்கியிருந்தால் நார்மன் வேலை, அதாவது 1066-இல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மன்களின் பாணி. பெரும்பாலும் 12-ஆம் நூற்றாண்டு. ஹெரிஃபோர்ட்ஷயரில் உள்ள கில்பெக் ஆலயத்தின் தெற்கு வாசலைப் பார்த்தவருக்கு அந்தக் காலத்துச் சிற்பியின் கை மறக்காது. குறுகலாக, நெட்டையாக, கிளை பிரியாத கூர் ஜன்னல் 13-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஜன்னலைப் பிரிக்கும் கற்சட்டங்கள் கொடிபோல வளைந்தால் 14-இன் முற்பாதி. அடியிலிருந்து உச்சிவரை நேராக ஏறினால் 1350-ஐ ஒட்டியோ அதற்குப் பிறகோ. இதில் ஒரு பொறி உண்டு: விக்டோரியா காலத்தில், அதாவது 19-ஆம் நூற்றாண்டில், பழுதுபார்த்தவர்கள் இந்தப் பாணிகளையெல்லாம் நகலெடுத்தார்கள். விளிம்பு கத்திபோலக் கூர்மையாகவும், எல்லாக் கல்லும் ஒரே சீராகவும் இருந்தால் சந்தேகப்படுங்கள். நார்மன் கல்லில் சாய்வான கோடரித் தடம் தெரியும்.

கே: மணிக்கோபுரத்தின் கிழக்குச் சுவரில், கூரைக்கு மேலே, கவிழ்த்த 'வி' வடிவில் கல் வரி நீட்டிக்கொண்டிருக்கிறது. எதற்கு?

ப: பழைய கூரையின் தழும்பு அது. கூரையும் கோபுரமும் சேரும் இடத்தில் மழைநீர் இறங்காமலிருக்க வைத்த கல். முன்பு செங்குத்தான கூரை இருந்தது. பின்னால் ஈயத்தகடு போட்டுச் சாய்வைக் குறைத்திருப்பார்கள். செங்குத்தான சரிவில் ஈயம் தன் எடையாலேயே மெல்லக் கீழே நகரும். இதே தழும்பு ஆலயத்துக்கு உள்ளே தெரிந்தால் கதை வேறு: சுவரை உயர்த்திக் கூரையை மேலே கொண்டுபோயிருக்கிறார்கள்.

கே: சுவரில் கற்களுக்கிடையே சிமென்ட் பூசிய இணைப்புகள் உறுதியாக நிற்கின்றன, நடுவில் உள்ள கல்தான் உதிர்கிறது. கல் மட்டமானதா?

ப: கல்லைக் குறை சொல்லாதீர்கள். சுவருக்குள் போன ஈரம் வெளியேற மென்மையான வழியைத் தேடும். சுண்ணாம்புக் காரை இருந்தவரை அந்த வழி இணைப்புதான். தேய்ந்ததும் காரைதான், அதை மாற்றினால் போதும். சிமென்ட் அந்த வழியை அடைத்துவிட்டது. இப்போது ஈரம் கல்லின் முகம் வழியாகக் காய்கிறது, உப்பு அங்கேயே படிகமாகிறது, குளிரில் உறைபனியும் சேர்ந்து கல்லை ஏடு ஏடாக உரிக்கிறது. கட்டைவிரல் புதையும் அளவுக்குக் கல் குழிந்து, சிமென்ட் மட்டும் ஜன்னல் சட்டம்போல நிற்பது இதனால்தான்.

முதலில் மழைநீர்த் தொட்டியையும் குழாயையும் பாருங்கள். ஒழுகுகிற குழாயின் கீழ் எந்தக் காரையும் நிற்காது. பிறகு ஒரு சதுர மீட்டரில் மட்டும் சோதனை. சிறு உளியால் தட்டினால் சிமென்ட் பாளமாக வருகிறதா? எடுத்துவிடுங்கள். கல்லைப் பிய்த்துக்கொண்டு வருகிறதா? அப்படியே விடுவதே நல்லது. வெட்டும் மெஷின் வேண்டாம். இணைப்பை அகலமாக்கிக் கல்லின் ஓரத்தைத் தின்றுவிடும். குறைந்தது 25 மி.மீ. அல்லது இணைப்பு அகலத்தின் இரு மடங்கு, எது அதிகமோ அந்த ஆழத்துக்குச் சுரண்டி, தண்ணீர் தெளித்து நனைக்க வேண்டும். காய்ந்த கல் காரையின் ஈரத்தை உறிஞ்சிவிட்டால் காரை பொடியாகும். ஒரு பங்கு சுண்ணாம்புக்குச் சுமார் மூன்று பங்கு பருமணல். தேய்ந்த கல்லின் விளிம்புக்குச் சற்று உள்ளடங்கியே பூசுங்கள், முகத்தில் வழியவிடாதீர்கள். பாதி இறுகியதும் முரட்டுத் தூரிகையால் குத்தி மேற்பரப்பைத் திறந்துவிட்டு, ஈரச் சாக்கால் ஒரு வாரமாவது மூடிவையுங்கள். 5 டிகிரிக்குக் கீழே குளிர் போகும் பருவத்தில் தொடவே வேண்டாம்.

இங்கிலாந்துத் திருச்சபையின் ஆலயமென்றால் உளியை எடுப்பதற்கு முன் மறைமாவட்டத்தில் 'ஃபேகல்ட்டி' எனப்படும் திருச்சபையின் கட்டட அனுமதி தேவையா என்று கேட்டுவிடுங்கள்.

கே: பலிபீடப் பகுதியின் கூரை ஒரு தரம், மக்கள் அமரும் கூடத்தின் கூரை வேறு தரம். ஏன்?

ப: செலவு செய்த கை வேறு. இடைக்கால வழக்கப்படி பீடப் பகுதியைப் பராமரிப்பது பங்கின் ரெக்டர், அதாவது ஊரின் தசமபாக வருமானத்துக்கு உரியவர், பொறுப்பு, கூடம் ஊர்மக்கள் பொறுப்பு.