ரோபோ வகுப்புக்கு 48,000 ரூபாய்: செல்வமகள் கணக்கில் கட்டுவதை நிறுத்தலாமா?

கேள்வி: வணக்கம் சார். கரூரில் ஒரு ஜவுளி ஏற்றுமதி கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை, கைக்கு 38,000 ரூபாய் வருகிறது. மகள் ஒன்பதாம் வகுப்பு. ஒரு வருடமாக ஆர்டுயினோ (ப்ரோகிராம் எழுதி மோட்டாரை இயக்கும் சின்ன சர்க்யூட் போர்டு), மோட்டார், அட்டைப்பெட்டி என்று வீட்டிலேயே ஏதாவது செய்துகொண்டிருக்கிறாள். இப்போது ஒரு வண்டி செய்திருக்கிறாள், ஓடுகிறது, ஆனால் வலது பக்கமாக இழுக்கிறது. மாதம் பத்துப் பன்னிரண்டு 9 வோல்ட் பேட்டரி தீர்கிறது, அதற்கே 400 ரூபாய் ஆகிறது. ஒரு பயிற்சி மையத்தில் ஒரு வருட ரோபோட்டிக்ஸ் வகுப்புக்கு, கிட்டோடு சேர்த்து, 48,000 ரூபாய் கேட்கிறார்கள், மாதம் 4,000 வீதம் வட்டியில்லாக் கடன் அவர்களே ஏற்பாடு செய்வார்களாம். அவளுக்கு நான்கு வயதில் தொடங்கிய செல்வமகள் கணக்கில் மாதம் 2,500 போடுகிறேன். அதை ஒரு வருடம் நிறுத்திவிட்டு இதில் சேர்க்கலாமா? கையிருப்பு 40,000 ரூபாய். அடுத்து 3டி பிரிண்டர் வேண்டும் என்றும் கேட்கிறாள்.

பதில்: முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை யாரும் சொல்லித்தராமல் ஒரு வண்டியை ஓடவைத்திருக்கிறாள் என்றால் அது பெரிய விஷயம், அதற்குச் செலவு செய்யத்தான் வேண்டும். ஆனால் 48,000 வேண்டாம், கடனும் வேண்டாம், செல்வமகளில் கை வைக்கவும் வேண்டாம்.

செல்வமகளில் வருடத்துக்கு 250 ரூபாய் போட்டாலே கணக்கு உயிரோடு இருக்கும், அதனால் விதிப்படி நீங்கள் கேட்பது முடியும். ஆனால் கணக்குத் தொடங்கிப் பத்து வருடம் ஆகிவிட்டது, இன்னும் ஐந்து வருடம்தான் கட்டப் போகிறீர்கள், முதிர்வுக்குப் பதினொரு வருடம் இருக்கிறது. 2024 ஜனவரியில் உயர்த்திய 8.2 சதவீத வட்டியை வைத்தே கணக்குப் போட்டால், இந்த ஒரு வருடம் நீங்கள் கட்டாமல் விடும் 30,000 ரூபாய் அவளுக்கு 25 வயதாகும்போது ஏறக்குறைய 71,000 ஆகியிருக்கும். (வட்டியை அரசு மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிவிக்கிறது, கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம்.) அதோடு, 2,500 நிறுத்தினாலும் மாதம் 1,500 இடிக்கிறது, அது எங்கிருந்து வரும் என்று நீங்கள் எழுதவில்லை. உங்கள் கையிருப்பு ஒரு மாதச் சம்பளத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம், வீட்டில் ஒருவருக்கு உடம்புக்கு முடியாமல் போனால் அதுவும் காலி.

அந்த வட்டியில்லாக் கடனைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடன் கொடுப்பது மையம் அல்ல, அவர்களோடு ஒப்பந்தம் போட்ட ஏதோ ஒரு நிதி நிறுவனமாகத்தான் இருக்கும். பெயர் உங்களுடையது. மூன்றாவது மாதம் வகுப்பு பிடிக்கவில்லை என்று மகள் நின்றுவிட்டாலும், மையமே பூட்டிக்கொண்டு போனாலும், தவணை நிற்காது, கட்டாவிட்டால் உங்கள் சிபில் ஸ்கோர்தான் அடிவாங்கும். 2024 அக்டோபர் 1 முதல் இப்படிப்பட்ட கடன்களுக்கு எல்லாக் கட்டணங்களையும், மொத்தமாக ஆகும் வருட வட்டியையும் காட்டும் ஒரு தாளைக் கையெழுத்துக்கு முன்பே கொடுக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. யார் என்ன சொன்னாலும் அந்தத் தாளைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். 48,000 என்பது ஜி.எஸ்.டி. சேர்த்தா, சேர்க்காமலா? 18 சதவீதம் தனி என்றால் இன்னும் 8,640 ரூபாய்.

சரி, கிட் விஷயம். இப்படிப்பட்ட கிட்டில் வழக்கமாக இருப்பவை: ஆர்டுயினோ போர்டு, இரண்டு மஞ்சள் மோட்டாரும் சக்கரமும், மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும் மோட்டார் டிரைவர், தூரம் அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சார், சொன்ன கோணத்துக்குத் திரும்பும் குட்டி செர்வோ மோட்டார், ப்ளூடூத் மாட்யூல், ஒயரைச் செருகி சர்க்யூட் அமைக்கும் ப்ரெட்போர்டு, ஒயர். ஆர்டுயினோவின் வடிவமைப்பு எல்லோருக்கும் திறந்தது, யார் வேண்டுமானாலும் போர்டு செய்து விற்கலாம், அதனால்தான் இத்தாலிய ஒரிஜினல் இரண்டாயிரத்தைத் தாண்டும்போது அதே வேலையைச் செய்யும் போர்டு ஐந்நூறு ரூபாய் அளவில் கிடைக்கிறது. சென்னை ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ தனித்தனியாக வாங்கினால் எல்லாம் சேர்ந்து இரண்டாயிரம் ரூபாயை ஒட்டித்தான் வரும். மீதி 46,000 முழுக்கச் சொல்லித்தருவதற்கான கூலி. நல்ல ஆசிரியர் என்றால் அதற்கு மதிப்பு உண்டு, நான் மறுக்கவில்லை, ஆனால் மாதாமாதம் கட்டி எப்போது வேண்டுமானாலும் நின்றுகொள்ளலாம் என்று எழுத்தில் கொடுக்கிறார்களா என்று கேட்டுப்பாருங்கள்.

இப்போது அந்த பேட்டரிக்கு வருகிறேன், உங்கள் வீட்டில் காசு ஒழுகும் இடம் அதுதான். 9 வோல்ட் கட்டை பேட்டரி புகை அலாரம், மல்ட்டிமீட்டர் மாதிரி கொஞ்சமாகக் கரண்ட் எடுப்பவற்றுக்குச் செய்தது, இரண்டு மோட்டாரை இழுக்க அதனால் முடியாது, வோல்டேஜ் படுத்துவிடும், பத்து நிமிடத்தில் வண்டி தள்ளாடும், பிள்ளை தன் ப்ரோகிராமில்தான் தப்பு என்று நினைத்து ராத்திரி முழுக்கத் தேடிக்கொண்டிருப்பாள். பென்சில் பேட்டரி அளவில் ரீசார்ஜ் ஆகும் நிக்கல் பேட்டரி ஆறு, அதற்கு ஒரு ஹோல்டர், ஒரு சார்ஜர், எல்லாம் 1,500 ரூபாய்க்குள் முடியும். நான்கே மாதத்தில் போட்ட காசு திரும்பிவிடும். பழைய லேப்டாப்பிலிருந்து பிரித்த லித்தியம் பேட்டரி மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், ஒயர் ஒன்றோடொன்று பட்டால் தீப்பிடிக்கும்.

வலது பக்கம் இழுப்பதற்கும் புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. அந்த மஞ்சள் மோட்டார்கள் இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றுவது அபூர்வம், இடது மோட்டார் கொஞ்சம் வேகமாகச் சுற்றுகிறது, அவ்வளவுதான். ப்ரோகிராமில் இடது மோட்டாரின் வேகம் 255, அதாவது முழு வேகம், என்று இருந்தால் 245, 235 என்று குறைத்துக்கொண்டே வரச் சொல்லுங்கள், ஓர் இடத்தில் நேராகிவிடும்.

3டி பிரிண்டர் இப்போது வேண்டாம், நல்லதாக ஒன்று வாங்கப் போனால் இருபதாயிரத்தைத் தொடும். அவள் பள்ளியில் அடல் டிங்கரிங் லேப் இருக்கிறதா என்று தலைமையாசிரியரைக் கேளுங்கள். 2016ல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டம் அது, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு, ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை கொடுத்தார்கள், 3டி பிரிண்டரும் அதில் அடக்கம். சில பள்ளிகளில் அந்த அறை பூட்டியே கிடக்கிறது, அதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். பெற்றோர் போய்க் கேட்டால் திறக்க வாய்ப்பிருக்கிறது. லேப் இல்லையென்றால் கிராம் கணக்கில் பிரிண்ட் செய்து அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள், ஒரு பாகத்துக்காக ஒரு மெஷின் தேவையில்லை.

மாதம் 1,000 ரூபாய் இதற்கென்று ஒதுக்குங்கள், இப்போது பேட்டரிக்குப் போகும் 400 ரூபாயும் அதற்குள்ளேதான். முதல் இரண்டு மாதப் பணத்தில் பேட்டரி செட், ஒரு மல்ட்டிமீட்டர், ஒரு சால்டரிங் அயர்ன். அதன் பிறகு என்ன வாங்குவது என்பதை அவள் முடிவு செய்யட்டும். பத்து வயது தாண்டிய பிள்ளைகள் தாங்களே இயக்கும் சேமிப்புக் கணக்குக்கு ரிசர்வ் வங்கி அனுமதி தந்திருக்கிறது, அவள் பெயரில் ஒன்று தொடங்கி அதில் போட்டுவிடுங்கள். நிபந்தனை ஒன்றே ஒன்று: கையில் இருக்கும் ப்ராஜெக்ட் ஓடிய பிறகுதான் அடுத்ததற்குப் பொருள். பாதியில் நிற்கும் மூன்று வண்டிகளும் டப்பா நிறைய சென்சாரும் வைத்திருக்கும் பெரியவர்களே நிறையப் பேர் இருக்கிறார்கள், பணம் வீணாவது அங்கேதான். வாங்குவதற்கு முன் டிங்கர்கேட் தளத்தில் சர்க்யூட்டைக் கணினியிலேயே ஓட்டிப்பார்க்கலாம், அது இலவசம்.

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த லீவில் அந்த மையத்தைப் பற்றி மறுபடி யோசியுங்கள், அதற்குள் அங்கே தான் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று அவளே சொல்லுவாள். இந்த ஞாயிறு அந்த 255ஐ மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள், வண்டி நேராக ஓடினால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.