பிளஸ் டூ டெல்லி டூர்: திங்களன்று செங்கோட்டை வேண்டாம் சார்

நீங்க போட்டிருக்கிற டெல்லி டூர் திட்டத்துல திங்களையும் செவ்வாயையும் அப்படியே மாத்திப் போடுங்க. திங்கள் குதுப்மினார், ஹுமாயூன் கல்லறை. செவ்வாய் செங்கோட்டை, தேசிய அருங்காட்சியகம், காந்தி ஸ்மிருதி. நீங்க திங்களுக்குப் போட்டிருக்கிற மூணுக்குமே திங்கள்தான் விடுமுறை. 40 பிள்ளைகளோட பூட்டின வாசல்ல நிக்கணும். ஆக்ராவும் சேர்க்கிறதா இருந்தா வெள்ளிக்கிழமை கூடாது, தாஜ்மகால் அன்னிக்குத்தான் மூடல்.

நம்ம மதுரை திருமலை நாயக்கர் மகால் மாதிரி எந்த நாளும் போகலாம்னு நினைச்சுப் போட்ட திட்டம்னு தோணுது. போன தடவை நானும் அப்படித்தான் போட்டேன்.

டிக்கெட் கணக்கையும் ஒருதடவை பாருங்க. தொல்லியல் துறை இடங்கள்ல 15 வயசு வரைக்கும்தான் இலவசம். பிளஸ் டூ பிள்ளைங்களுக்கு 16, 17 ஆகியிருக்கும். தலைக்கு ஒரு டிக்கெட் வேணும். வயசுக்கு ஆதார் நகல் கையில இருக்கட்டும்.

கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு சாயங்காலம் தமுக்கம் பக்கத்துல காந்தி மியூசியத்துக்குக் கூட்டிட்டுப் போங்க. காந்தி சுடப்பட்ட 1948 ஜனவரி 30 அன்னிக்கு அவர் உடுத்தியிருந்த ரத்தக்கறை படிஞ்ச துணி இங்க இருக்கு. அவர் சுடப்பட்ட தோட்டம் டெல்லி காந்தி ஸ்மிருதியில. ரெண்டையும் பார்த்த பிள்ளைக்கு அந்தப் பாடத்தைத் தனியா நடத்த வேண்டியதில்ல.

ஒண்ணு மட்டும்: டிசம்பர், ஜனவரின்னா பனிமூட்டத்துல வடக்க ரயில் மணிக்கணக்கா தாமதமாகும். போய்ச் சேர்ற நாள்ல எதையும் வைக்காதீங்க. சுதந்திர தினம், குடியரசு தினம் ஒட்டி செங்கோட்டையைச் சில நாள் மூடிடுவாங்க, தேதியைப் பார்த்துக்கோங்க.