தூர தேசத்துக்கு டிக்கெட்டும் வாடகைக் காரும்: உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளைப் படித்தபோது ஒன்று நன்றாகத் தெரிந்தது. நிறைய பேர் மலிவாகக் கிடைத்தது என்று டிக்கெட்டை வாங்கிவிட்டு, காரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறீர்கள். எந்த ஊரில், எத்தனை மணிக்கு இறங்குகிறீர்கள், எங்கிருந்து திரும்புகிறீர்கள் என்பதெல்லாம் கார் வாடகையை நேரடியாக ஏற்றி இறக்கும். அதனால் இரண்டையும் ஒன்றாகத் திறந்துவைத்து, மொத்தத்தைக் கூட்டிப் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள். கீழே வரும் பதில்கள் எல்லாமே அந்தக் கணக்கைச் சுற்றித்தான்.

கேள்வி: செவ்வாய்க்கிழமை நள்ளிரவில் வாங்கினால் டிக்கெட் மலிவு, பிரவுசரின் இன்காக்னிட்டோவில், அதாவது தேடியதை நினைவில் வைக்காத முறையில் தேடினால் விலை ஏறாது என்கிறார்கள். உண்மையா? எத்தனை மாதம் முன்னால் எடுக்க வேண்டும்?

நீங்கள் எந்தக் கிழமை வாங்குகிறீர்கள் என்பதைவிட, எந்தக் கிழமை, எந்த மாதம் பறக்கிறீர்கள் என்பதுதான் விலையை முடிவு செய்கிறது. ஒரு விமானத்தின் எகானமி சீட்டுகள் எல்லாம் ஒரே விலையில் விற்பனைக்கு வருவதில்லை. பல கட்டணப் பிரிவுகளாகப் பிரித்து வைத்திருப்பார்கள், கீழ்ப் பிரிவு தீர்ந்தால் அடுத்தது திறக்கும். காலையில் பார்த்த விலை மாலையில் ஏறியிருந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான், உங்கள் பிரவுசர் இல்லை.

இதில் குடும்பத்தோடு போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. மலிவுப் பிரிவில் மூன்று சீட்டுதான் மிச்சம், நீங்கள் நான்கு பேருக்குத் தேடுகிறீர்கள் என்றால், பல தளங்கள் நான்கு பேருக்குமே அடுத்த பிரிவின் விலையைக் காட்டும். ஒருமுறை ஒரே ஒரு ஆளுக்குத் தேடிப் பாருங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் இரண்டு புக்கிங்காகப் பிரிக்கலாம். ஆனால் விமானம் ரத்தானால் இரண்டு புக்கிங்கையும் தனித்தனியாகத்தான் மாற்றித் தருவார்கள், அதனால் சின்னப் பிள்ளைகளோடு போகும்போது நான் இதைச் செய்ய மாட்டேன்.

எத்தனை மாதம் என்பதற்கு ஒரே விடை கிடையாது. பெரும்பாலான நிறுவனங்கள் ஏறத்தாழ 11 மாதத்துக்கு முன்பே விற்பனையைத் திறக்கின்றன. பள்ளி விடுமுறை, ஜூலை, ஆகஸ்ட், டிசம்பர் கடைசி என்றால் சீக்கிரம் எடுத்துவிடுங்கள். மற்ற மாதங்களுக்கு கூகுள் ஃப்ளைட்ஸில் தேதி அட்டவணையைத் திறந்து, விலை அறிவிப்பையும் போட்டுவிட்டு கொஞ்சம் காத்திருக்கலாம். அமெரிக்காவுக்குப் போகும், அங்கிருந்து வரும் விமானங்களுக்கு ஒரு நல்ல சட்டம் இருக்கிறது: பயணத்துக்கு 7 நாளாவது இருக்கும்போது விமான நிறுவனத்திடமே நேரடியாக எடுத்தால், 24 மணி நேரத்துக்குள் அபராதம் இல்லாமல் ரத்து செய்யவோ, பணம் கட்டாமல் அதே விலையை 24 மணி நேரம் பிடித்து வைக்கவோ அவர்கள் அனுமதிக்க வேண்டும். அந்த ஒரு நாளைக் கார் விலை பார்க்கப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: ஒரே டிக்கெட்டாக எடுப்பதைவிட, நடுவில் ஒரு ஊர் வரைக்கும் ஒன்று, அங்கிருந்து இன்னொன்று என்று தனித்தனியாக எடுத்தால் ரொம்பக் குறைவாக வருகிறது. எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் என்ன வாங்குகிறீர்கள் என்று தெரிந்து எடுங்கள். ஒரே டிக்கெட்டில் முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால், உங்களைச் சேர வேண்டிய ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனி டிக்கெட்டில் இரண்டாவது நிறுவனத்தைப் பொறுத்தவரை நீங்கள் நேரத்துக்கு வராத பயணி, அவ்வளவுதான். அன்றைய விலையில் புது டிக்கெட் வாங்க வேண்டியிருக்கும். அதோடு திரும்பும் பயணமும் அதே டிக்கெட்டில் இருந்தால் அதையும் சேர்த்து ரத்து செய்துவிடுவார்கள்.

நஷ்ட ஈட்டிலும் இதே வித்தியாசம்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி, அங்கிருந்து கிளம்பும் பயணத்திலோ, அங்கே பதிவான நிறுவனத்தில் அங்கே போகும் பயணத்திலோ, கடைசி ஊரை 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகச் சேர்ந்து, அதற்குக் காரணம் நிறுவனத்தின் கையில் இருந்தது என்றால், 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்துக்கு 600 யூரோ வரை கேட்டு வாங்கலாம். கடைசி ஊர் எது என்பதை உங்கள் டிக்கெட்தான் சொல்லும். தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு.

இன்னொரு செலவு விசா. தனி டிக்கெட் என்றால் நடுவில் பெட்டியை எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டியிருக்கும், அதற்கு அந்த நாட்டுக்குள் நுழைய அனுமதி வேண்டும். அமெரிக்காவில் ஒரே டிக்கெட்டாக இருந்தாலும் விமானம் மாறுகிறவர்கள் குடியேற்றச் சோதனையைக் கடந்தே ஆக வேண்டும், அதனால் விசாவோ, விசா தேவைப்படாத நாட்டவர்கள் இணையத்தில் வாங்கும் எஸ்டா என்ற முன் அனுமதியோ இல்லாமல் அந்த வழியே முடியாது. இத்தனையையும் பார்த்துவிட்டு, நடுவில் ஒரு ராத்திரி தங்குவதாகவே திட்டம் போட்டால் தனி டிக்கெட் நல்ல வழிதான். தங்கத்தான் போகிறீர்கள் என்றால் ஸ்டாப்-ஓவர் தரும் நிறுவனங்களையும் பாருங்கள். ஐஸ்லாந்தேர் ஐஸ்லாந்தில் 7 நாள் வரைக்கும், டாப் போர்ச்சுகல் தன் நாட்டில் 10 நாள் வரைக்கும் கூடுதல் விமானக் கட்டணம் இல்லாமல் இறங்கித் தங்க விடுகின்றன. அதுவும் ஒரே டிக்கெட்டில்.

கேள்வி: ஒரு ஊரில் காரை எடுத்து வேறு ஊரில் விடலாமா, இல்லை சுற்றிக்கொண்டு எடுத்த இடத்துக்கே வர வேண்டுமா? எது லாபம்?

டிக்கெட்டையும் காரையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான். ஒரு ஊரில் இறங்கி வேறு ஊரிலிருந்து திரும்புவதற்கு, தேடும் பக்கத்தில் மல்டி-சிட்டியைத் தேர்ந்தெடுங்கள். பெரிய நிறுவனங்களில் அது பல நேரம் சாதாரண ரிட்டர்ன் விலைக்குப் பக்கத்திலேயே வரும். இரண்டு ஒன்-வே டிக்கெட்டாக எடுத்தால்தான் நீண்ட தூர வழிகளில் எகிறும். ஆனால் காரை வேறு ஊரில் விட்டால் தனிக் கட்டணம் உண்டு. அதே நாட்டுக்குள் என்றால் தாங்கலாம், சில வழிகளில் இல்லாமலும் இருக்கும். எல்லை தாண்டி வேறு நாட்டில் விட்டால் வாடகையைவிடவே அதிகமாகப் போகலாம். அதைத் தவிர்க்க, எல்லைக்கு இந்தப் பக்கமே காரை விட்டுவிட்டு, ரயிலில் தாண்டி, அந்தப் பக்கம் வேறு கார் எடுப்பது நல்லது. நியூசிலாந்தில் சில கம்பெனிகளே இதைச் செய்கின்றன. வெலிங்டனில் ஒரு காரை விட்டுவிட்டுப் படகில் ஏறி, பிக்டனில் இறங்கி இன்னொன்றை எடுக்கலாம். படகில் கார் ஏற்றும் கட்டணமும் மிச்சம்.

எந்தக் கவுன்டரில் எடுக்கிறோம் என்பதும் முக்கியம். ஜெனீவா விமான நிலையத்தில் சுவிஸ் பக்கம், பிரெஞ்சுப் பக்கம் என்று இரண்டு இருக்கின்றன. பிரெஞ்சுப் பக்கத்தில் வாடகை பெரும்பாலும் குறைவு. ஆனால் சுவிஸ் நெடுஞ்சாலையில் ஓட்டத் தேவையான 40 ஃபிராங்க் வினியெட், அதாவது சாலைக் கட்டண ஸ்டிக்கர், அந்தக் காரில் இருக்காது, குளிர்கால டயரும் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். பிரான்சிலேயே சுற்றுகிறவருக்கு லாபம், சுவிஸ் மலைகளுக்குப் போகிறவருக்கு எல்லாவற்றையும் கூட்டினால் சமமாகிவிடலாம்.

தேதியில் பிடிவாதம் இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி: ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் ஒரு ஊரில் தேங்கிய கேம்பர்வேன்களை (உள்ளேயே படுத்துத் தூங்கும் வசதியுள்ள வேன்கள்) இன்னொரு ஊருக்கு ஓட்டிக்கொண்டு போய் விட, ஒரு நாளைக்கு ஒரு டாலர் என்ற அளவுக்குக்கூட வாடகைக்குத் தருகிறார்கள். நாட்கள் குறைவு, வேகமாக ஓட்ட வேண்டும், எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

கேள்வி: இணையத்தில் மலிவாக புக் செய்துவிட்டுப் போனால் கவுன்டரில் இன்சூரன்ஸ் எடுங்கள் என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையில் என்ன தேவை?

அந்த இடத்தில் நீண்ட பயணம் முடித்துக் களைத்துப்போய் நிற்பீர்கள், பின்னால் வரிசை நிற்கும். அதனால் முடிவை வீட்டிலேயே எடுத்துக்கொண்டு போங்கள்.

முதலில் மூன்றாம் நபர் பொறுப்பு, அதாவது நீங்கள் இடித்து அடுத்தவருக்கு ஏற்படும் சேதம். ஐரோப்பாவில் சட்டப்படி இது வாடகையிலேயே அடங்கியிருக்கும். அமெரிக்காவில் மலிவாகத் தெரியும் விலையில் பல நேரம் இது மிகக் குறைந்த அளவுக்கோ, சில சமயம் இல்லாமலோ இருக்கும். அங்கே சொந்தக் கார் பாலிசி இல்லாத வெளிநாட்டுப் பயணிகள் இதில் கஞ்சத்தனம் பார்க்கவே கூடாது. மருத்துவச் செலவு மிக அதிகமான நாடு அது.

அடுத்தது காருக்கு ஏற்படும் சேதம். சிடிடபிள்யூ என்று எழுதியிருப்பது, ஒரு தொகைக்கு மேல் உங்களிடம் கேட்க மாட்டோம் என்ற ஒப்புதல். அந்த எக்ஸஸ் தொகை உங்கள் தலையில்தான், பெரும்பாலும் ஆயிரம் யூரோவைத் தாண்டும். கவுன்டரில் விற்பது இதைப் பூஜ்ஜியமாக்கும் திட்டம். இதே பாதுகாப்பைத் தனி இன்சூரன்ஸ் கம்பெனிகளிடம் முன்கூட்டியே எடுத்தால் செலவு நிறையக் குறையும். ஆனால் சேதம் ஏற்பட்டால் முதலில் உங்கள் கார்டிலிருந்து எடுத்துக்கொள்வார்கள், நீங்கள் பிறகு ரசீதுகளோடு விண்ணப்பித்துத் திரும்பப் பெற வேண்டும். அந்த அளவுக்கு கார்டில் இடம் இருப்பவர்களுக்குத் தனி பாலிசியைத்தான் பரிந்துரைப்பேன். இல்லாதவர்கள் கவுன்டர் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள், நிம்மதிக்கும் ஒரு விலை உண்டு.

எதெல்லாம் அடங்காது என்பதைக் கட்டாயம் படியுங்கள். டயர், கண்ணாடி, கூரை, வண்டியின் அடிப்பாகம் ஆகியவை அடிப்படைத் திட்டத்தில் பெரும்பாலும் கிடையாது. ஐஸ்லாந்தில் காற்றில் வரும் மணலும் எரிமலைச் சாம்பலும் பெயின்ட்டை உரித்துவிடும், அதற்குத் தனிப் பாதுகாப்பு விற்கிறார்கள். அங்கே எஃப் என்று குறித்த மலைச் சாலைகளில் நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டி மட்டுமே போகலாம். ஆற்றைக் கடக்கும்போது வண்டி கெட்டால் எந்தத் திட்டமும் பெரும்பாலும் காப்பாற்றாது.

வண்டியை எடுக்கும்போதும் விடும்போதும் சுற்றிலும் வீடியோ எடுங்கள், சக்கரம், கூரை, பெட்ரோல் முள், ஓடிய தூரம் எல்லாம் தெரிய வேண்டும். பெட்ரோலை நிரப்பி வாங்கி நிரப்பித் தரும் திட்டத்தை மட்டும் எடுங்கள்.

கேள்வி: என்னிடம் டெபிட் கார்டு மட்டும்தான். கார் தருவார்களா?

சிலர் தருவார்கள், பலர் மாட்டார்கள், தருகிறவர்கள் அவர்களுடைய முழு இன்சூரன்ஸையும் எடுக்கச் சொல்லலாம். ஓட்டுநர் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருக்க வேண்டும் என்பதுதான் பொதுவான விதி, மனைவியின் கார்டைக் கணவர் நீட்டினால் செல்லாது. கார்டு யாரிடம் இருக்கிறதோ அவரை முதல் ஓட்டுநராகப் போட்டுவிடுங்கள். அப்புறம் ஒன்று, உங்கள் நாட்டுப் பணத்தில் எடுக்கட்டுமா என்று மெஷின் கேட்டால் வேண்டாம் என்று சொல்லி, அந்த ஊர்ப் பணத்திலேயே கட்டுங்கள்.

கேள்வி: சர்வதேச ஓட்டுநர் உரிமம் கட்டாயமா? யாருமே கேட்பதில்லை என்கிறார்களே.

கவுன்டரில் கேட்காமல் விடலாம், விபத்து நடந்த பிறகு போலீஸும் இன்சூரன்ஸ் கம்பெனியும் கேட்கும். அதனால் வாங்கிக்கொண்டு போங்கள், செலவு சொற்பம். இதில் 1949 ஜெனீவா ஒப்பந்தம், 1968 வியன்னா ஒப்பந்தம் என்று இரண்டு வகை இருக்கின்றன. முதல் வகை ஒரு வருடம் செல்லும், இரண்டாவது 3 வருடம் வரை. ஜப்பான் 1949 வகையை மட்டுமே ஏற்கும். எந்த வகையாக இருந்தாலும் அசல் உரிமமும் கையில் இருக்க வேண்டும்.

கேள்வி: ரிட்டர்ன் டிக்கெட் ஒன்-வேயைவிட மலிவாக இருக்கிறது. ரிட்டர்ன் எடுத்துவிட்டு ஒரு பக்கத்தை விட்டுவிடலாமா?

எந்தப் பக்கம் என்பதுதான் விஷயம். போகும் பக்கத்தை விட்டால் திரும்பும் பக்கம் தானாக ரத்தாகிவிடும். கடைசிப் பக்கத்தை விடுவதில் உங்கள் பயணத்துக்குக் கெடுதல் இல்லை, ஆனால் நிறுவனங்களின் விதிகளுக்கு அது எதிரானது. அடிக்கடி செய்தால், பறந்ததற்குப் புள்ளி சேரும் உங்கள் மைலேஜ் கணக்கை அவர்கள் முடக்கலாம். விமானம் மாறும் ஊரிலேயே இறங்கிவிடலாம் என்று நினைத்தால், பெட்டி அந்தப் பக்கத்தின் கடைசி ஊருக்குத்தான் போகும்.

கேள்வி: ஒன்றரை வயதுக் குழந்தையோடு போகிறோம். எங்கே மிச்சம் பிடிக்கலாம்?

2 வயதுக்குள் இருக்கும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டால் சர்வதேச விமானங்களில் பெரியவர் கட்டணத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் வாங்குவார்கள். பயணத்துக்கு நடுவில் 2 வயது முடிந்தால் திரும்பும்போது தனி சீட் எடுக்க வேண்டும், பிறந்த நாளைப் பார்த்துத் தேதி வையுங்கள். கார் சீட்டுக்குக் கம்பெனிகள் நாள் கணக்கில் வாங்குவதால், இரண்டு வாரத்தில் அது ஒரு புது சீட்டின் விலையைத் தொட்டுவிடும். பல விமான நிறுவனங்கள் குழந்தையின் கார் சீட்டை இலவசமாக ஏற்றுகின்றன, விதியைப் பார்த்துவிட்டு உங்களுடையதையே கொண்டுபோங்கள்.

கேள்வி: ஊர் திரும்பி இரண்டு மாதம் கழித்து கார் கம்பெனி கார்டிலிருந்து பணம் எடுத்திருக்கிறது. இது சரியா?

பெரும்பாலும் டோல் அல்லது அபராதமாக இருக்கும், விவரம் கேட்டு எழுதுங்கள். இத்தாலியின் பழைய நகரப் பகுதிகளில் இசட்டிஎல் (வண்டிகளுக்குக் கட்டுப்பாடு உள்ள பகுதி) என்று போர்டு வைத்த இடத்துக்குள் அனுமதி இல்லாமல் நுழைந்தால் கேமரா படம் பிடித்துவிடும். உங்கள் பெயரைப் போலீஸுக்குக் கொடுத்ததற்கான சேவைக் கட்டணத்தைத்தான் முதலில் கம்பெனி எடுக்கும், அபராதம் பிறகு தனியாகத் தபாலில் வரும். சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தில் 2013 முதல் பணம் வாங்கும் ஆட்களே கிடையாது. அங்கே கம்பெனியின் டோல் திட்டத்தில் சிக்கினால் டோலுக்கு மேல் ஒரு நாள் கட்டணமும் சேரும், நீங்களே இணையத்தில் கட்டிவிட்டால் அது மிச்சம்.

கேள்வி: எங்கள் விமானம் இரவு 11 மணிக்கு இறங்குகிறது. தாமதமானால் கார் போய்விடுமா?

போகலாம். கார் புக் செய்யும்போது விமான எண்ணைக் கட்டாயம் போடுங்கள், கவுன்டர் எத்தனை மணிக்கு மூடும் என்றும் பாருங்கள். விமான எண் இருந்தால் சிலர் கொஞ்ச நேரம் காத்திருப்பார்கள், அதுவும் கவுன்டர் மூடும் வரைதான். அதன் பிறகு வரவில்லை என்று குறித்துவிட்டால் முன்பணமும் போகும், அன்றைய விலையில் வேறு கார் தேட வேண்டும். இவ்வளவு தாமதமாக இறங்குகிறவர்கள் அன்று இரவு விமான நிலையத்துக்குப் பக்கத்தில் தூங்கிவிட்டு, காலையில் கார் எடுப்பதுதான் நல்லது. வாடகை 24 மணி நேரக் கணக்கில் ஓடுவதால் பெரும்பாலும் ஒரு நாள் வாடகையும் குறையும். தூக்கமில்லாமல் பழக்கமில்லாத சாலையில், ஒருவேளை எதிர்ப்பக்கத்தில் ஓட்டவும் வேண்டியிருக்காது. திருப்பித் தரும் நேரத்தையும் எடுத்த நேரத்துக்குள்ளேயே வையுங்கள், ஒரு மணி நேரம் தாண்டினால் பல இடங்களில் இன்னொரு முழு நாளைச் சேர்த்துவிடுவார்கள்.